அட்சதை விழுந்த துப்பாக்கி

அன்புள்ள மகனுக்கு,

யாரும் நம்பாத ஒரு கதையை இந்தக் கடிதத்தில் சொல்லப் போகிறேன் என்று உன் அம்மாவின் இட்லிக் குண்டான் மேல் கை வைத்துச் சத்தியம் செய்கிறேன். நீ நம்ப மாட்டாய். உன் அம்மா அந்தக் கதையின் நடுவில் நிற்கிறவள், அவளும் நம்ப மாட்டாள். பெங்களூர் ஆஸ்டின் டவுனில் நான் மணி பத்து என்று சொன்னால் கடிகாரத்தைக் கழற்றிக் காதில் வைத்துப் பார்க்கிற சனங்கள் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றிப் பேச்சே வேண்டாம். ஆனாலும் எழுதுகிறேன். அந்தக் காலத்து ராஜாக்கள் கல்வெட்டில் வெட்டி வைத்ததையெல்லாம் யாராவது போய்ச் சரிபார்த்தார்களா என்ன? எனக்குக் கல்லுக்கு வசதியில்லை, கோடு போட்ட தாளில் வெட்டுகிறேன். கவரையும் ஒட்டப் போவதில்லை. வழியில் யார் வேண்டுமானாலும் பிரித்துப் படிக்கட்டும். சுவரில் காதை வைத்து ஒட்டுக்கேட்கும் பக்கத்து வீட்டுக்காரர்களுக்குக் கழுத்து வலியாவது மிச்சமாகும்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ தொம்மலூரிலிருந்து வந்தாய். கல்யாணத்துக்கென்று வாடகைக்குப் பிடித்த வீட்டுக்கு நீயே வெள்ளையடித்த சுண்ணாம்பு இன்னும் உன் காதோரம் ஒட்டியிருந்தது. தட்டு வைப்பதற்குள் இரண்டு வண்ணப் படங்களை எடுத்து என் முன்னால் வைத்தாய். இரண்டிலும் கைத்துப்பாக்கி. சந்தாபுராப் பக்கம் வீட்டுமனை லேஅவுட் போட்டு விற்கும் ஒரு அண்ணா, துப்பாக்கி சுடும் ரேஞ்சுக்கு விருந்தாளியாக வந்த இடத்தில் நீ சுடுவதைப் பார்த்துவிட்டு, ஆபீஸ் கார்களுக்கு டிரிப் ஷீட் போடும் வேலையை உதறிவிட்டு என் கன்மேனாக என்னுடனேயே இரு என்று கேட்டிருக்கிறார். அவர் காலையில் கதவைத் திறக்கும்போது நீ வாசலில் நிற்க வேண்டும். திரும்பச் சாத்தும் வரை நின்றுகொண்டே இருக்க வேண்டும். லைசென்ஸில் உன் பெயரையும் சேர்த்துவிடுவார்களாம். துப்பாக்கியை மட்டும் நீயே பார்த்து எடுத்துக்கொள் என்று தாராளம் காட்டியிருக்கிறார். "மாமா, தமாஷ் வேணாம். வேலைக்கு இடுப்புலயும் வெச்சிக்கணும், லீவு கெடைச்சா ரேஞ்சுல போட்டியும் சுடணும். ரெண்டுக்கும் ஆவுற மாதிரி இதுல எது?" என்று கேட்டாய்.

இடையில் படிக்கிறவர்கள் குழம்பிவிடக் கூடாது: நான் இவனுக்கு மாமன் அல்ல, பெற்ற தகப்பன்தான். தெருவே என்னை மாமா என்று கூப்பிட்டதால் இவனும் பேச ஆரம்பித்தபோது அதையே பிடித்துக்கொண்டான். நைனா என்று சொல்லவைக்க இவன் அம்மா மிட்டாய் லஞ்சமெல்லாம் கொடுத்துப் பார்த்துத் தோற்றாள். நானும் திருத்தவில்லை. தகப்பன் என்றால் கண்டிக்க வேண்டும், மாமா என்றால் கதைவிட்டால் போதும். எனக்கு எந்தப் பதவி பொருத்தம் என்று குழந்தைக்கே தெரிந்திருந்தது.

சரி, உன் கேள்விக்கு நான் என்ன செய்தேன்? ஓசூர் எல்லையைத் தாண்டியதும் தமிழில் வெடிக்க ஆரம்பித்த ஒரு பிஸ்டலின் கதையை எடுத்துவிட்டேன். நீ சிரிக்கவில்லை. சாப்பாட்டைப் பாதியில் விட்டுக் கை கழுவினாய். நீ படியிறங்கிப் போன பிறகு உன் அம்மா மோர்க் கிண்ணத்தை என் முன்னால் கொஞ்சம் பலமாகவே வைத்து, "புள்ள முச்சந்தியில நின்னுக்கினு வழி கேக்குறான். நீ அவனுக்கு சர்க்கஸ் காட்டுற" என்றாள். அதனால்தான் பேனாவை எடுத்தேன். அடுத்த மாதம் உனக்குக் கல்யாணம். அதற்குள் நீ அந்த அண்ணாவுக்கு ஒரு பதில் சொல்லியாக வேண்டும்.

முதலில் என் தகுதி. பட்டாளத்தில் ஆயுதக் கொட்டடியில் துப்பாக்கி பழுது பார்த்தவன் நான். நான் எண்ணெய் போட்ட ரைபிள்கள் எல்லையில் எதிரியைக் கண்டால் சல்யூட் அடித்துவிட்டுத் தாமே சுட்டதாக ஒரு வதந்தி உண்டு, கிளப்பியவன் நான்தான். பென்ஷனோடு ஊர் திரும்பி, நம் நாட்டுத் தங்கமெல்லாம் விமானம் ஏறி அடகுக்குப் போயிற்றே, அந்த வருஷம் ஒரு சேட்டின் நகைக்கடையில் கன்மேனாகச் சேர்ந்தேன். ஒரு மாதம் முந்திச் சேர்ந்திருந்தால் அந்தத் தங்கத்தையும் ஊரைவிட்டுப் போக விட்டிருக்க மாட்டேன். டில்லியில் யாரும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆக, துப்பாக்கியைப் பிரித்துப் பார்த்தவனும் நான், கட்டிக்கொண்டு அலைந்தவனும் நான். இந்த விஷயத்தில் என்னைவிடப் பெரிய பண்டிதன் வேண்டுமென்றால் நீ வேறு கிரகத்துக்குத்தான் போக வேண்டும்.

உன் முதல் படத்தில் இருப்பது குட்டை, கறுப்பு, பாயிண்ட் முப்பத்திரண்டு. என் இடுப்பில் பத்து வருஷத்துக்கு மேல் குடியிருந்ததற்கு இது கூடப்பிறந்த தம்பி. இதன் பெருமையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். குழல் சின்னது, சட்டையை வெளியே விட்டால் மறைந்துவிடும். குறிபார்க்க மேலே இருக்கும் முனை அரிசி அளவு. அதைக் கண்ணால் தேடிப் பிடிப்பதற்குள் திருடனுக்குப் பேரன் பிறந்து பள்ளிக்கூடம் போய்விடுவான். விசை மகா முரடு. நான் ஒரு தடவை விநாயகர் சதுர்த்திக்கு அழுத்த ஆரம்பித்தேன், தீபாவளிக்குத்தான் வெடித்தது, ஊர்ச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவே இல்லை. ஆனால் அந்த முரட்டுத்தனம் வேண்டுமென்றே வைத்தது. இடுப்பில் கிடக்கிற துப்பாக்கியின் முதல் வேலை வெடிக்காமல் இருப்பது. குனிந்து செருப்பு மாட்டும்போதும், கூட்டத்தில் இடிபடும்போதும், மாடிப்படியில் ஓடும்போதும் அது வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும். உள்ளே பாகங்களும் கொஞ்சம் தொளதொளவென்றுதான் பூட்டியிருக்கும். வியர்வை, பஞ்சு, தூசி, எது போனாலும் விழுங்கிவிட்டு வேலை செய்யும். சேட்டு வீட்டில் கொடுத்த மைசூர்பாகு ஒன்றை அது முழுசாக விழுங்கிவிட்டு ஏப்பம் விட்டதை நானே காதால் கேட்டேன். பிடி யார் கைக்கும் பொருந்தும், அதனாலேயே யார் கைக்கும் சரியாகப் பொருந்தாது. இந்தச் சுவரிலிருந்து எதிர்ச்சுவரில் சாய்ந்திருக்கும் ஆளை அடிக்கும். அதற்கு மேல் அதனிடம் கேட்பது நியாயமில்லை.

எடை? சட்டைப் பையில் ஒரு பெரிய கொய்யாப்பழத்தைப் போட்டுக்கொண்டதைவிடக் கொஞ்சம் கூட. நான் ஏறினால் சேட்டின் அம்பாசடர் வலது பக்கம் சாயும். டிரைவர் எதிர்ப் பக்கம் ஒரு ஆட்டுக்கல்லை வைத்துத்தான் வண்டியை நேராக ஓட்டுவார். ஆனால் அது நிஜமாக அழுத்துகிற இடம் இடுப்பு இல்லை, வலது கை. இதை உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். கன்மேன் வலது கையில் நெய் படக் கூடாது. நெய் பட்ட விரல் வழுக்கும். சேட்டு போகாத கல்யாணம் இல்லை, அவர் பின்னால் நான் நிற்காத பந்தி இல்லை. மல்லேஸ்வரத்தில் ஒரு கல்யாணத்தில் சுடச்சுட ஒப்பட்டு என்கிற போளி போட்டு, அதன் தலையில் ஒரு கரண்டி நெய் ஊற்றிக்கொண்டே போனார்கள். பரிமாறுகிறவர் என்னைப் பார்த்து, "ஊட்டா ஆய்த்தா சார்?" என்று அன்பாகக் கேட்டார். சாப்பாடு ஆயிற்று என்று தலையாட்டினேன். கிளம்பும்போது ஒரு பொட்டலம் கட்டிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து பிரித்தால் நெய் உறைந்து வெள்ளையாக இருந்தது. வாசனையை வைத்தே எந்தச் சமையல்காரர், எந்த ஊர் வெல்லம், மாவு பிசைந்தவருக்கு மாமியாரோடு சண்டையா சமாதானமா என்றெல்லாம் சொல்லும் வித்தை எனக்கு அப்படித்தான் வந்தது. நம் சொந்தக்காரர்கள் வீட்டு விசேஷத்துக்கு உன் அம்மா உன்னை இழுத்துக்கொண்டு தனியாகப் போய்வருவாள். அவர் எங்கே என்று கேட்டவர்களுக்கெல்லாம் டூட்டி, டூட்டி என்று சொல்லிச் சொல்லி, அவள் பக்கத்துச் சித்தி ஒருத்தி என் பெயரே அதுதான் என்று நினைத்திருந்தாள்.

கை அப்படி என்றால் கண் வேறு விதம். கன்மேன் யாருடைய முகத்தையும் பார்ப்பதில்லை, கையைத்தான் பார்ப்பான். எதிரே வருகிறவர் மூக்குக் கண்ணாடி போட்டிருந்தாரா என்று கேட்டால் எனக்குத் தெரியாது, ஆனால் எந்தக் கை பையில் இருந்தது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். நீ ஒண்ணாம் வகுப்பில் இருந்தபோது ஒரு சாயங்காலம் கதவுக்குப் பின்னால் ஒளிந்திருந்து, நான் உள்ளே நுழைந்ததும் பே என்று கத்தினாய். என் கை இடுப்புக்குப் போய்விட்டது. அங்கே ஒன்றுமில்லை, துப்பாக்கியைக் கடைப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் வந்திருந்தேன். கைக்கு அது தெரியவில்லை. சிரிப்பு அதற்குப் பிறகுதான் வந்தது. நீ கவனிக்கவில்லை, குதித்துக்கொண்டிருந்தாய். உன் அம்மா பார்த்துவிட்டாள். உன்னைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போனாள். இதையும் என் புளுகுகளோடு சேர்த்துவிடு. எனக்கு அதுதான் வசதி.

உன் இரண்டாவது படம், அந்த வெள்ளி நிறத்தது, பார்க்க ஜோராகத்தான் இருக்கிறது. அதே பாயிண்ட் முப்பத்திரண்டு; குழலை இரண்டு விரல் நீட்டி, பின்பக்கம் திருகி நகர்த்துகிற குறிப்பார்வை வைத்திருக்கிறார்கள். ரெண்டுக்கும் ஆகும் என்று அண்ணா சொன்னது இதைத்தான். மகனே, இது வேட்டிக்கு பாக்கெட் வைத்துத் தைத்த மாதிரி. உட்கார்ந்தால் குழல் தொடையைக் குத்தும். எழுந்து ரேஞ்சில் நீட்டினால் இடுப்புத் துப்பாக்கியின் அதே முரட்டு விசை. சேட்டு ஞாயிற்றுக்கிழமை தோறும் இப்படி ஒன்றால்தான் பழகினார். அவர் தன் குறி அட்டையைத் தவிர ரேஞ்சிலிருந்த எல்லா அட்டைகளையும் அடித்திருக்கிறார். பக்கத்து ஆள் ஒருவர் அவர் தயவால் பரிசே வாங்கினார். அவருக்குக் காவலாக நான் போக, என்னுடன் நீ வர, அங்கேதான் உனக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது.

உனக்குப் பைத்தியம் பிடிக்கவைத்தது உன் இரண்டு படங்களிலும் இல்லை. கிளப் உன் கைக்கென்று ஒதுக்கிய அந்த பாயிண்ட் இருபத்திரண்டு. அதுவும் இவற்றைப் போலவே ஒவ்வொரு முறை சுட்டதும் தானே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் ஜாதிதான். உறவு அவ்வளவுதான். நீளக் குழல், எந்தப் பைக்குள்ளும் அடங்காது. அதன் மரப்பிடியில் மரத்தூளும் பசையும் குழைத்து அடைத்து, உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்து, உன் உள்ளங்கை ரேகைகூடப் பதியும் அளவுக்குப் பொருத்திக்கொண்டாய். உதைப்பு குறைவு, சுட்ட கை பழைய இடத்துக்கே திரும்பி வந்து நிற்கும். கொசு பெருமூச்சு விட்டால் வெடிக்கும் என்று நான் தெருவில் சொல்லிவைத்திருக்கிறேன். போட்டிக்காரர்கள் அதற்கு விட மாட்டார்கள். விசையில் ஒரு கிலோ எடையைத் தொங்கவிட்டு, தாங்கினால்தான் உள்ளே அனுப்புவார்கள். ஆனால் அந்த ஒரு கிலோவும் இழுபறி இல்லாமல், அப்பளம் உடைவது போல, ஒரே இடத்தில் பட்டென்று விட்டுக்கொடுக்கும். அதைக் காட்டி ஒரு திருடனை மிரட்டினால், இது எந்தத் தையல் மிஷினில் கழற்றியது என்று கேட்பான். பயப்படுவதற்கும் பயப்படுத்துவதற்கும் அது லாயக்கில்லை. இன்னொரு விஷயம். நிதானமாகச் சுடுகிற சுற்றில், கையை நீட்டிக் குறிபார்த்து, மனசுக்குச் சரிப்படவில்லை என்றால் சுடாமலேயே இறக்கிவிடலாம். மறுபடி மூச்சுவிட்டு, மறுபடி தூக்கலாம். சேட்டு இதை வேடிக்கை பார்த்துவிட்டு உன் பையன் சுடவே மாட்டேன் என்கிறானே என்று என்னிடம் வருத்தப்பட்டார். நீ கையை இறக்குவதைப் பார்க்க எனக்கு அவ்வளவு நன்றாக இருந்தது. என் வேலையில் அந்த வசதி இல்லை.

ஆனால் அது மகா நாசூக்கு. ஒரு தூசி போதும், முகத்தைத் திருப்பிக்கொள்ளும். இங்கேதான் நான் சத்தியம் செய்த கதை வருகிறது. நீ காலேஜில் இருந்த சமயம். உன் அம்மா அதுவரை ரேஞ்சுப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. ஒரு வீட்டுக்கு ஒரு கன்மேன் போதும் என்பாள். நீ விளையாட்டு என்று விளக்கினாலும் எல்லாத் துப்பாக்கியும் அவளுக்கு ஒன்றுதான். அந்த வருஷம் கிளப்பில் ஆயுத பூஜை, மறுநாள் விஜயதசமி நல்ல நாள் என்று அன்றைக்கே மாநில அணிக்கான தேர்வு. பூஜைக்கு நானும் வருகிறேன் என்று அவளே சொன்னாள். எதற்கு மனசு மாறினாள் என்று நானும் கேட்கவில்லை, நீயும் கேட்கவில்லை, பயத்தில்தான். விடியற்காலையில் உட்கார்ந்து சந்தனம் அரைத்தாள். அவள் அரைத்த வேகத்துக்கு மைசூர்க் காட்டில் பாதி மரங்கள் கரைந்து, வனத்துறை நம் வீட்டு வாசலில் வந்து நின்றது. பித்தளைக் கிண்ணம் நிறையச் சந்தனம், குங்குமம், மஞ்சள் கலந்த அட்சதை எல்லாம் எடுத்துக்கொண்டு, பட்டுப் புடவை கட்டிக்கொண்டு, மகன் துப்பாக்கிக்குப் பெண் பார்க்கப் போகிற மாதிரி ஆட்டோவில் ஏறினாள்.

கிளப்பில் வெள்ளைத் துணி விரித்து எல்லாத் துப்பாக்கிகளையும் வரிசையாக வைத்திருந்தார்கள். பாதுகாப்புக்காக ஒவ்வொன்றிலும் தோட்டாக் கூட்டைக் கழற்றி, மேல் பாகத்தைப் பின்னுக்கு இழுத்து நிறுத்தியிருந்தார்கள். உள்ளே ஒன்றுமில்லை என்று யார் பார்த்தாலும் தெரிய வேண்டும், அதுதான் முறை. உன் அம்மா கண்ணுக்கு அது வாயைத் திறந்துகொண்டு கேட்கிற மாதிரி இருந்திருக்கிறது. மற்றவர்கள் குழல் மேல் ஒரு பொட்டு வைத்து நகர்ந்தார்கள். இவள் உன்னுடையது எது என்று கேட்டு, அதற்கு மூன்று பட்டையாகச் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, திறந்த வாய்க்குள் பக்தியோடு ஒரு சிட்டிகை அட்சதையும் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். அர்ச்சகர் தடுக்கவில்லை. நான் பார்த்தேன், பூசணிக்காய் உடைக்கிற சத்தத்தில் திரும்பிவிட்டேன். சுற்றியிருந்த சுடுகிற பிள்ளைகள் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை, பொரியும் கடலையும் வாய் நிறைய இருந்தது. பூஜையில் வைத்ததை மறுநாள் கற்பூரம் காட்டும் வரை தொடக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். பெங்களூரில் அன்றைக்கு லாரி ஓடாது, லேத் சுற்றாது, கம்ப்யூட்டரே பொட்டோடு தூங்கும். எனவே துப்பாக்கி துடைக்க முடியாமல் அப்படியே கிடந்தது. சந்தனம் ராத்திரியெல்லாம் நிதானமாகக் காய்ந்தது. காலையில் கற்பூரம் காட்டி எடுத்தபோது நீ வெளியே தெரிந்ததை மட்டும் துணியால் ஒற்றி எடுத்தாய். தேய்த்துக் கழுவ உனக்கு மனசு வரவில்லை. அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நிதான சுற்றுகளில் அது எப்படியோ ஓடியது. நீ நன்றாகவே சுட்டாய். கடைசிச் சுற்று, பத்து வினாடியில் ஐந்து குண்டு. ரெண்டு வெடித்தது, மூன்றாவது வரவில்லை. அப்போது என் இதயம் நின்ற சத்தத்தில் மரத்திலிருந்த காக்கைகள் எல்லாம் ஓசூர் வரை பறந்து போயின. நீ பதறவில்லை. துப்பாக்கியை அட்டைப் பக்கம் நீட்டியபடியே இடது கையைத் தூக்கினாய், முறைப்படி. ரேஞ்ச் அதிகாரி வந்தார். பெரிய மீசை, சிரிக்காத முகம். துப்பாக்கியை வாங்கி, கூட்டைக் கழற்றி, மேல் பாகத்தை இழுத்தார். உள்ளே மஞ்சளாக ஏதோ தெரிந்தது. சின்ன இடுக்கியால் ஒரு அரிசியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மூக்குப் பக்கம் கொண்டுபோய் முகர்ந்தும் பார்த்தார்.

"ஏனப்பா இது? கன்னுக்கு அட்சதை போட்டுக் கல்யாணமே முடிச்சிட்டீங்களா?" என்று கன்னடமும் தமிழும் கலந்து கேட்டார்.

வரிசையில் யாரோ சிரித்தார்கள். நான் எழுந்திருக்கலாமா என்று யோசிப்பதற்குள், பார்வையாளர் கயிற்றுக்கு இந்தப் பக்கம் பட்டுப் புடவை எழுந்து நின்றது. "நான்தாங்க போட்டேன். எனக்கு இதெல்லாம் தெரியாது. வேணும்னா என்னை வெளிய அனுப்புங்க, புள்ளைய அனுப்பாதீங்க" என்றாள். தெருக் குழாயடியில்கூடக் குரல் உயர்த்தாதவள். அதிகாரி அவளைப் பார்த்தார், அரிசியைப் பார்த்தார். பிறகு அந்த அரிசியை எறியாமல் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, சுடுகிறவன் தப்பு இல்லாமல் துப்பாக்கி நின்றால் அந்தச் சுற்றை மறுபடி சுடலாம் என்று விதி இருக்கிறதம்மா, உட்காருங்கள் என்றார். உனக்குத் துடைத்துக்கொள்ள நேரம் கொடுத்தார். நீ பல் தேய்க்கும் பிரஷ் ஒன்றைக் கடன் வாங்கித் துடைத்தாய். துடைத்த துணியில் கோயில் வாசனை அடித்தது. திரும்பி அவளைப் பார்த்து, பரவாயில்லை என்று தலையை மட்டும் ஆட்டினாய்.

பிறகு சுட்டாய். ஐந்து குண்டும் ஒரே ஓட்டையில் போயின. முதல் குண்டு போட்ட ஓட்டையில் மற்ற நாலும் நுழைந்து போனதால், நாலு குண்டு அட்டையிலேயே படவில்லை என்று கணக்குப் போடுகிறவர்கள் சண்டைக்கு வந்தார்கள். அட்டைக்குப் பின்னால் மண்மேட்டைத் தோண்டிப் பார்த்தால் ஐந்தும் ஒன்றன் மேல் ஒன்றாக இட்லி அடுக்கிய மாதிரி இருந்தன. அணியில் முதல் பெயர் உன்னுடையது. அன்றிலிருந்து கர்நாடகத்தில் யார் துப்பாக்கி எடுத்தாலும் முதலில் உன் அம்மாவிடம் வந்து சந்தனம் வாங்கிக்கொண்டுதான் போகிறார்கள். அவளோ அடுத்த வருஷத்திலிருந்து உன் துப்பாக்கியைப் பெட்டிக்குள் வைத்து மூடி, பொட்டைப் பெட்டிக்கு வைக்கிறாள். ஆஸ்டின் டவுனில் இத்தனை வருஷமாக நான் சொல்லிவரும் கதை இதுதான்.

இனி உன் கேள்விக்கு நேரான பதில். ரெண்டுக்கும் ஆகிற துப்பாக்கி சில சமயம் கிடைக்கும். சுமாராக இரண்டு வேலையும் செய்யும். ரெண்டுக்கும் ஆகிற கை கிடையாது. லீவு கிடைத்தால் ரேஞ்சுக்குப் போவேன் என்கிறாய். இடுப்பில் கட்டியவனுக்கு லீவு அவன் முதலாளி தூங்கும்போதுதான், அப்போது ரேஞ்சும் தூங்கும். அந்த வேலை கேவலம் என்று சொல்ல வரவில்லை. அதில்தான் உன்னைப் படிக்க வைத்தேன். செய்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன், அது உனக்கு வேண்டாம். இரண்டு படங்களையும் எடுத்துக்கொண்டு அண்ணாவை நேரில் போய்ப் பார். போனில் சொல்லாதே. ஒரு கும்பிடு போட்டு, முடியாது என்பதை "ஆகல்லா அண்ணா" என்று அவர் பாஷையிலேயே சொல். காரணம் கேட்டால், எங்கப்பா ஒத்துக்கலை என்று பழியை என் மேல் போடு; எத்தனையோ புளுகைச் சுமக்கிற தோள், இதையும் சுமக்கும். டிரிப் ஷீட் வேலையில் சம்பளம் குறைச்சல்தான், ஆனால் உன் காலை நேரம் உன்னுடையது. குடும்பம் எப்படி நடக்கும் என்கிற கவலையை என்னிடம் கொண்டுவராமல், உன்னைக் கட்டிக்கொள்ளப் போகிற பெண்ணிடம் கொண்டுபோ. அவளும் வேலைக்குப் போகிறவள். இதைப் பற்றி அவளை ஒரு வார்த்தை கேட்டாயா? கேட்டிருக்க மாட்டாய். முகத்தைப் பார்த்துக் கேள். உன் கல்யாணப் பந்தியில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து முழங்கை வரை நெய் வழியச் சாப்பிடு. அடுத்த நாளே காலையில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரேஞ்சுக்குக் கிளம்பு. நீ உலகக் கோப்பையை வென்று யானை மேல் ஊர்வலமாக ஆஸ்டின் டவுனுக்கு வருவாய் என்று நான் தெருவில் ஏற்கெனவே அறிவித்துவிட்டேன், ஆனால் அதற்காக அவசரப்படாதே. யானைக்குச் சொல்லி வைக்க எனக்கும் நேரம் வேண்டும்.

கடைசியாக, இந்தக் கதையில் எது நிஜம் என்று படிக்கிறவர்கள் கேட்பார்கள். ஐந்து குண்டும் ஒரே ஓட்டை என்பது பச்சைப் புளுகு. ஒன்று எட்டாம் வளையத்தில் விழுந்தது, ஒன்று ஏழில். அணியில் உன் பெயர் வரவில்லை, கடைசி இடத்துக்குக்கூட வரவில்லை. ஒரே ஒரு சின்ன இடம் மட்டும் நடந்தது நடந்தபடி. பெயர்களையெல்லாம் வாசித்து முடித்த பிறகு நீ அந்த மீசைக்கார அதிகாரியிடம் நேராகப் போனாய். அரிசியைச் சொல்லி நியாயம் கேட்கப் போகிறாய் என்று நினைத்து நான் சட்டைக் கையை மடித்துக்கொண்டு பின்னால் வந்தேன். உன் அம்மா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"சார், நாளைக்கு ரேஞ்ச் தொறந்திருக்குமா?" என்று கேட்டாய்.

"நாளைக்கு ரஜா, லீவு. நாளன்னிக்கு வா" என்றார் அவர். நீ சரி என்று தலையாட்டிவிட்டுப் பெட்டியை மூடினாய்.

அது நிஜம். நான் சொல்லி நம்ப வேண்டாம், உன் அம்மாவிடமே விசாரித்துக்கொள்.